மருத்துவ ஆராய்ச்சி செய்தி வந்தா அதை எப்படி படிக்கறது, நம்ம வீட்டு ஆளுக்கு பொருந்துமான்னு எப்படி பாக்கறது

எங்க அப்பாவுக்கு ஹார்ட் பிரச்சனை எதுவும் கிடையாது. ஆனா யாரோ சொன்னாங்கன்னு எழுபது வயசுக்கு மேல தெனமும் ராத்திரி சாப்பிட்டதும் ஒரு ஆஸ்பிரின் போட்டுட்டு இருந்தார், ரத்தம் உறையாம இருக்கும், மாரடைப்பு வராதுன்னு. ஒருநாள் மலம் தார் மாதிரி கருப்பா போச்சு, தலை சுத்தி பாத்ரூம்லயே உக்காந்துட்டார், வயித்துல ரத்தக்கசிவு, அட்மிட் பண்ணி ரத்தம் ஏத்த வேண்டியதாயிடுச்சு. வீட்டுக்கு வந்தப்புறம்தான் நான் தேட ஆரம்பிச்சேன், அப்பதான் ஆஸ்ப்ரீன்னு ஒரு ட்ரையல் 2018ல வந்திருக்கறதே தெரிஞ்சுது. ஆஸ்திரேலியாவுலயும் அமெரிக்காவுலயும் 19,114 பேர், பெரும்பாலும் 70 வயசு தாண்டினவங்க, இதய நோய் இல்லாதவங்க, பாதி பேருக்கு 100 மி.கி. ஆஸ்பிரின், பாதி பேருக்கு மருந்தே இல்லாத டம்மி மாத்திரை. கிட்டத்தட்ட அஞ்சு வருஷம் பாத்ததுல மாரடைப்பு, பக்கவாதம் சொல்லிக்கற அளவுக்கு குறையல, பெரிய ரத்தக்கசிவு மட்டும் நூத்துக்கு 2.8லிருந்து 3.8 ஆச்சு. அப்பா மாதிரியே இருக்கற ஆளுங்களை வச்சு பண்ணின ஆராய்ச்சி, எல்லாரும் படிக்கற மாதிரி வெளியவே இருந்துச்சு, எங்களுக்குத்தான் படிக்கத் தெரியல.

இங்க ஒண்ணு அழுத்தி சொல்லிடறேன். ஏற்கனவே மாரடைப்பு வந்தவங்க, ஸ்டென்ட் வச்சவங்க, ரத்தக்குழாய் அடைப்பால பக்கவாதம் வந்தவங்க இதைப் படிச்சுட்டு ஆஸ்பிரினை நிறுத்திடாதீங்க, உங்க கதை வேற, உங்களுக்கு அது தேவை. அந்த வித்தியாசத்தை கண்டுபிடிக்கறதுக்குத்தான் இந்த முழு பதிவும்.

முதல் வேலை, செய்தியை விட்டுட்டு மூல பேப்பருக்கு போறது. பெரிய ட்ரையல் எல்லாத்துக்கும் ஒரு செல்லப்பேர் இருக்கும், டாபா ஹெச்எஃப், செலக்ட், ரெகவரி இப்படி, செய்தியில அந்தப் பேரோ மருந்துப் பேரோ இருக்கான்னு பாருங்க, ரெண்டும் இல்லாம "விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு"ன்னு மட்டும் இருந்தா அதுல நேரம் செலவழிக்க வேண்டாம். பேர் கிடைச்சா பப்மெட்ங்கற, மருத்துவ ஆராய்ச்சி பேப்பர் தேடற சைட்ல இங்கிலீஷ்ல டைப் பண்ணுங்க, காசு கிடையாது. இடது பக்கம் ஃபில்டர் இருக்கும், அதுல ராண்டமைஸ்டு கண்ட்ரோல்டு ட்ரையல்னு ஒண்ணு (சீட்டு குலுக்கி ஆளுங்களை பிரிச்சு பண்ற சோதனை), ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்னு ஒண்ணு, ரெண்டையும் டிக் பண்ணினா குப்பை பாதி போயிடும். முழு பேப்பர் கிடைக்கலன்னாலும் அப்ஸ்ட்ராக்ட்னு ஒரு சுருக்கம் எப்பவும் இருக்கும், நான் கீழ சொல்றதுல முக்கால்வாசி அதுலயே கிடைச்சிடும். இங்கிலீஷ் கஷ்டமா இருந்தா காக்ரேன் சைட்ல போய் பாருங்க, அவங்க ஒரு தலைப்புல வந்த எல்லா ட்ரையலையும் சேத்து அலசி எழுதறவங்க, பல சுருக்கங்கள் தமிழ்லயே போட்டிருக்காங்க.

அடுத்து, இது எந்த மாதிரி ஆராய்ச்சின்னு பாக்கணும். எண்ணிக்கை எடுக்கற ஸ்டடி வேற, சிகிச்சை வேலை செய்யுதான்னு சோதிக்கற ட்ரையல் வேற. 2023ல இந்தியாவுல 10.1 கோடி பேருக்கு சுகர் இருக்குன்னு செய்தி வந்துச்சே, சென்னையில இருக்கற மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் ஐசிஎம்ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) சேந்து பண்ணினது, அது எண்ணிக்கை. எத்தனை பேருக்கு இருக்குன்னு சொல்லும், எந்த மாத்திரை நல்லதுன்னு சொல்லாது. சிகிச்சையை பத்தி தெரிஞ்சுக்கணும்னா சீட்டு குலுக்கிப் போட்டு ஆளுங்களை ரெண்டா பிரிச்சிருக்கணும்.

சீட்டு ஏன் அவ்ளோ முக்கியம்னா அதுக்கு உலகத்துக்கே பாடம் சொன்ன இடம் நம்ம சேத்துப்பட்டுதான். 1956ல அங்க காசநோய் மருந்து சிகிச்சை மையம் ஆரம்பிச்சாங்க, இப்ப அதுக்குப் பேரு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்தக் காலத்துல டிபின்னா சானடோரியம்ங்கற டிபி ஆஸ்பத்திரியில மாசக்கணக்குல படுக்கணும், நல்ல சாப்பாடு, நல்ல காத்து, ஓய்வு வேணும்னு உலகமே நம்பிச்சு. இவங்க மெட்ராஸ்ல ஏழை நோயாளிங்க 193 பேரை எடுத்து சீட்டு குலுக்கி பாதி பேரை சானடோரியத்துக்கும் பாதி பேரை நெரிசலான அவங்க வீட்டுக்கேயும் அனுப்பி, ரெண்டு பக்கமும் ஒரே மருந்து குடுத்தாங்க. 1959ல முடிவு வந்துச்சு, மருந்து ஒழுங்கா சாப்பிட்டா வீட்டுல இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு தேறினாங்க, வீட்டுல மத்தவங்களுக்கு கூடுதலா பரவவும் இல்ல. சீட்டு இல்லாம டாக்டரே பிரிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும், மோசமா இருக்கறவங்களை ஆஸ்பத்திரியில வச்சுட்டு தேறக்கூடியவங்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பார், அப்ப வீடுதான் நல்லதுன்னு தப்பா தெரியும். சீட்டு போடும்போது மட்டும்தான் வயசு, வறுமை, நோயோட தீவிரம், நமக்குத் தெரியாத மத்த சங்கதி எல்லாம் ரெண்டு பக்கமும் சமமா விழும்.

ஆள் எண்ணிக்கை பெருசா இருக்கறதை பாத்து மயங்கக் கூடாது. 2020 மே மாசம், கொரோனாவுக்கு குடுத்துட்டு இருந்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்து பத்தி லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல 96,032 நோயாளிங்க தகவல்னு ஒரு பேப்பர் வந்துச்சு, சீட்டு கிடையாது, ஆஸ்பத்திரி ரெக்கார்டுல இருந்து எடுத்ததா சொன்னாங்க. அந்த மூலத் தகவலை யாராலயும் சரிபாக்க முடியல, ரெண்டே வாரத்துல, ஜூன் 4ம் தேதி பேப்பரை வாபஸ் வாங்கிட்டாங்க. அதே மருந்தை இங்கிலாந்துல ரெகவரி ட்ரையல் சீட்டு போட்டு சோதிச்சு, கொரோனாவுல அட்மிட் ஆனவங்களுக்கு அதனால உயிர் பிழைக்கறது கூடலன்னு காட்டினாங்க, அந்த பதில் இன்னிக்கும் நிக்குது. இதுக்கு மறுபக்கமும் உண்டு. வேலூர் சிஎம்சியில ஹீமோஃபிலியாவுக்கு ஜீன் தெரபி குடுத்து 2024 டிசம்பர்ல நியூ இங்கிலாந்து ஜர்னல்ல பேப்பர் போட்டாங்க, வெறும் அஞ்சு பேர், சீட்டும் இல்ல. ஆனா அடிக்கடி மூட்டுல ரத்தம் கசியற நோய்ல அந்த அஞ்சு பேருக்கும் கசிவே நின்னு போச்சுன்னா அது பெரிய விஷயம்தான். இருந்தாலும் அது முதல் படி, பக்கத்து வீட்டு பையனுக்கு நாளைக்கே கிடைக்கற சிகிச்சைன்னு அதை எடுத்துக்கிட்டு அலையக் கூடாது.

எதோட ஒப்பிட்டாங்கன்னு ஒரு வரியில இருக்கும், அதை விட்டுடாதீங்க. டம்மி மாத்திரையோடவா, ஏற்கனவே இருக்கற நல்ல மருந்தோடவா, இல்ல சும்மா இருந்தவங்களோடவா. ஆபரேஷன் மாதிரி விஷயத்துல இது இன்னும் முக்கியம், ஏன்னா ஆபரேஷன் தியேட்டருக்கு போய் வந்தாலே மனசு பாதி தேறிடும். ஆர்பிட்டான்னு ஒரு ட்ரையல் 2017ல, இங்கிலாந்து, நடந்தா நெஞ்சு வலிக்கிற, ஒரே ஒரு ரத்தக்குழாய்ல பெரிய அடைப்பு இருக்கற 200 பேரு. முதல்ல எல்லாருக்கும் மருந்தை சரிபண்ணிட்டு அப்புறம் எல்லாரையும் கேத் லேபுக்கு, அதாவது ஸ்டென்ட் வைக்கற அறைக்கு, கூட்டிட்டு போய் பாதி பேருக்கு மட்டும் ஸ்டென்ட் வச்சாங்க, மீதி பேருக்கு வைக்கல, யாருக்கு வச்சாங்கன்னு நோயாளிக்கு தெரியாது. ஆறு வாரம் கழிச்சு டிரெட்மில்ல எவ்ளோ நேரம் நடக்கறாங்கன்னு பாத்தா ரெண்டு குரூப்புக்கும் உறுதியா சொல்ற வித்தியாசம் இல்ல. நியூஸ் பேப்பர்ல எல்லாம் ஸ்டென்ட் வீண்னு போட்டுட்டாங்க. 2023ல அதே குழு ஆர்பிட்டா 2 பண்ணினாங்க, 301 பேர், இந்தத் தடவை நெஞ்சுவலி மாத்திரையை நிறுத்திட்டு, அப்ப ஸ்டென்ட் வச்சவங்களுக்கு வலி நல்லாவே குறைஞ்சிருந்துச்சு. ரெண்டும் உண்மைதான். மருந்து ஏற்கனவே முழுசா வேலை செய்யற ஆளுக்கு ஸ்டென்ட்டால கூடுதல் லாபம் கம்மி, மருந்து இல்லாத ஆளுக்கு லாபம் உண்டு. திடீர்னு மாரடைப்பு வந்து எமர்ஜென்சியில வைக்கற ஸ்டென்ட் இந்தக் கணக்குலயே வராது, அது உயிர் காக்கறது, அங்க நேரம் கடத்தாதீங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வந்தாச்சு, இதை மட்டுமாவது பொறுமையா படிங்க. செய்தியில சதவீதம் வரும், "மாரடைப்பை 20 சதவீதம் குறைக்கும் ஊசி". 20 சதவீதம்னா நூறு பேர் போட்டா இருபது பேர் தப்பிச்சாங்கன்னு நம்ம மனசு கணக்கு போடும். அப்படி இல்லவே இல்ல. அது செலக்ட் ட்ரையல், 2023, எடை குறைக்கற செமாக்ளூட்டைடு ஊசி, 17,604 பேர். டம்மி ஊசி போட்டவங்கள்ல நூத்துக்கு 8.0 பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ இதய நோயால மரணமோ வந்துச்சு, மருந்து போட்டவங்கள்ல நூத்துக்கு 6.5. அந்த 8.0ல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சதால 20 சதவீதம்னு சொல்றாங்க. நூறு பேர்ல பாத்தா ஒண்ணரை பேர், அதாவது சுமார் 67 பேர் மூணு வருஷத்துக்கு மேல ஊசி போட்டா அதுல ஒருத்தருக்கு அந்த பாதிப்பு தடுக்கப்படுது. இது கம்மின்னு நான் சொல்ல வரல, பெரிய ஆபத்துல இருக்கறவங்களுக்கு இது நல்ல லாபம்தான். ஆனா மாசாமாசம் ஆயிரக்கணக்குல செலவு பண்ணப் போற குடும்பத்துக்கு 20ங்கற நம்பரைச் சொல்லக் கூடாது, 8.0, 6.5ங்கற ரெண்டு நம்பரையும் சொல்லணும். அதே பேப்பர்லயே இன்னொரு வரி, பக்கவிளைவு மாதிரி பிரச்சனையால மருந்தை நிறுத்தினவங்க நூத்துக்கு 16.6, டம்மியில 8.2. அது செய்தியில வரவே வராது, நீங்கதான் தேடி எடுக்கணும்.

இதே கணக்கை ஹார்ட் ஃபெயிலியர்ல போட்டுப் பாருங்க. டாபா ஹெச்எஃப், 2019, டாபாக்ளிஃப்ளோசின், சுகருக்குன்னு வந்த மாத்திரை, அதை இதயம் பம்ப் பண்ற சக்தி குறைஞ்ச 4,744 பேருக்கு குடுத்தாங்க, சுகர் இருக்கறவங்களும் இல்லாதவங்களும் கலந்து. இதய நோயால மரணம் இல்லைன்னா ஹார்ட் ஃபெயிலியர் முத்திப் போறதுன்னு பாத்ததுல டம்மியில நூத்துக்கு 21.2, மருந்துல 16.3, அதுவும் ஒண்ணரை வருஷத்துலயே. நூத்துக்கு அஞ்சு பேர். செலக்ட் செய்தியில 20, இதுல 26 சதவீதம், தலைப்புல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல தெரியும், ஆனா நூத்துக்கு எத்தனை பேர்னு பாத்தா இது மூணு மடங்கு. சுகர் இல்லாதவங்களுக்கு சுகர் மாத்திரை எழுதியிருக்காங்கன்னு டிஸ்சார்ஜ் சம்மரியை பாத்து பயந்து நிறுத்தறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு டாக்டர்கிட்ட கேக்காம அதைப் பண்ணாதீங்க.

நூத்துக்கு எத்தனைன்னு பாத்ததும் எதை அளந்தாங்கன்னு பாருங்க. உயிர், மாரடைப்பு, டயாலிசிஸ், வலி, நடக்க முடியறது இதெல்லாம் நோயாளிக்கு புரியற விஷயம். ரத்தத்துல ஒரு நம்பர் மாறிச்சு, ஸ்கேன்ல ஒரு நிழல் குறைஞ்சுதுங்கறது வேற விஷயம். மாரடைப்பு வந்தவங்களுக்கு இதயத்துடிப்பு தாறுமாறா போறதை அடக்கற மாத்திரைங்க இருந்துச்சு, ஈசிஜியில அழகா அடக்கும், அதனால உயிர் காக்கும்னு எல்லாரும் நம்பி குடுத்தாங்க. 1989ல காஸ்ட்ங்கற ட்ரையல் வந்தப்பதான் அந்த மாத்திரை சாப்பிட்டவங்க டம்மி சாப்பிட்டவங்களை விட அதிகமா இறந்திருக்காங்கன்னு தெரிஞ்சுது. ஈசிஜி சரியாச்சு, ஆள் போயிட்டார். அதே மாதிரி மறதி நோய்க்கு லெகானமாப்னு ஒரு மருந்து, 2022ல 1,795 பேர்கிட்ட 18 மாசம் பாத்து நோய் முத்தறதை 27 சதவீதம் குறைக்குதுன்னு வந்துச்சு. 18 மார்க் ஸ்கேல்ல ரெண்டு குரூப்புக்கும் வித்தியாசம் 0.45 மார்க். நூத்துக்கு 12.6 பேருக்கு மூளையில வீக்கம் ஸ்கேன்ல தெரிஞ்சுது. அம்மாவையோ அப்பாவையோ அந்த நோயோட பாத்துக்கறவங்க எந்தச் செய்தியையும் பிடிச்சுக்குவாங்க, எனக்கு அது புரியுது, அதனாலதான் 27ஐ விட 0.45 முதல்ல அவங்க கண்ணுல படணும்னு நினைக்கறேன்.

யாரை சேத்தாங்கங்கறதுதான் கடைசி பெரிய கேள்வி, அதுல நம்ம ஊர்ல நிறைய பேர் அடிபட்டுட்டாங்க. 2020 ஜூன்ல ரெகவரி ட்ரையல்ல டெக்ஸாமெத்தசோன் முடிவு வந்துச்சு, மலிவான ஸ்டீராய்டு, 6 மி.கி., பத்து நாள் வரைக்கும். வென்டிலேட்டர்ல இருந்தவங்கள்ல சாவு நூத்துக்கு 41.4லிருந்து 29.3 ஆச்சு, ஆக்சிஜன் வச்சவங்கள்ல 26.2லிருந்து 23.3, அபாரமான முடிவு. ஆனா அதே டேபிள்ல மூணாவது வரி ஒண்ணு இருக்கு, ஆக்சிஜன் தேவைப்படாதவங்கள்ல ஸ்டீராய்டு குடுத்தப்ப 17.8, குடுக்காதப்ப 14.0. பலன் இல்ல, கெடுதலா கூட இருக்கலாம். 2021 ரெண்டாவது அலையில காய்ச்சல் வந்த முதல் நாளே மெடிக்கல் ஷாப்புல ஸ்டீராய்டு வாங்கி போட்டவங்க எத்தனை பேர், சுகர் எகிறி கருப்பு பூஞ்சையில கண்ணை இழந்தவங்க எத்தனை பேர். அந்த மூணாவது வரியை வாட்ஸ்அப்புல யாரும் அனுப்பல.

அதனால பேப்பரை திறந்ததும் டேபிள் 1ங்கறதுக்கு போங்க, சேத்தவங்களோட வயசு, எடை, சுகர், கிட்னி எல்லாம் அதுல இருக்கும். செலக்ட்ல இருந்தவங்க 45 வயசு தாண்டினவங்க, எடை அதிகம், ஏற்கனவே இதய நோய் இருந்துச்சு, சுகர் இல்ல. ஒல்லியா, இதய நோய் இல்லாம இருக்கற ஒருத்தர் அந்த முடிவை தனக்குன்னு எடுத்துக்க முடியாது. பிபியை 120க்கு கீழ கொண்டு வரலாம்னு சொன்ன ஸ்ப்ரிண்ட் ட்ரையல்ல, 2015, 9,361 பேர், சுகர் நோயாளிங்களை சேக்கவே இல்ல, பிபியும் அமைதியா உக்கார வச்சு மெஷின்ல பல தடவை எடுத்தாங்க, ஓபில ஓடி வந்து மூச்சு வாங்கும்போது எடுக்கறது அந்த நம்பர் இல்ல.

முடிவு நம்பருக்கு பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள ஒரு ரேஞ்ச் இருக்கும், 0.65 டு 0.85 மாதிரி, மருந்து குரூப்போட ஆபத்து மத்த குரூப்போடதுல எத்தனை பங்கா இருக்கலாம்னு அது காட்டும். 1னா ரெண்டு குரூப்பும் சமம். ரேஞ்ச் முழுக்க 1க்கு கீழ இருந்தா குறைஞ்சிருக்குன்னு நம்பலாம், 1ஐ தாண்டி ரெண்டு பக்கமும் பரவியிருந்தா உறுதியா எதுவும் சொல்ல முடியாது. மேல சொன்ன அந்த மூணாவது வரிக்கு ரேஞ்ச் 0.92 டு 1.55, அதனாலதான் கெடுதல்னு அடிச்சு சொல்லாம இருக்கலாம்னு சொன்னேன். இதுக்கு மேல ஸ்டாடிஸ்டிக்ஸ் நமக்கு தேவையில்ல.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிடறேன். எந்தக் கம்பெனியும் விக்க முடியாத ஆராய்ச்சி நம்ம காதுக்கு வர்றதே இல்ல. 2023ல ஈமோட்டிவ்னு ஒரு ட்ரையல், கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவுல 80 ஆஸ்பத்திரி, ரெண்டு லட்சத்துக்கு மேல பிரசவம். பிரசவம் ஆனதும் அம்மாவுக்கு கீழ அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஷீட் வச்சு ரத்தம் எவ்ளோ போகுதுன்னு கண்ணால பாத்து, கோட்டை தாண்டினா உடனே கர்ப்பப்பையை தேய்ச்சு விடறது, கர்ப்பப்பையை சுருங்க வைக்கற ஆக்ஸிடோசின் மாதிரி மருந்து, ரத்தக்கசிவை குறைக்கற ட்ரனெக்ஸாமிக் ஆசிட், டிரிப்ஸ், எங்க கசியுதுன்னு பாக்கறது எல்லாத்தையும் ஒரே மூச்சுல பண்ணாங்க. கடுமையான ரத்தப்போக்கு, அதுக்கான ஆபரேஷன், மரணம் மூணையும் சேத்துப் பாத்ததுல நூத்துக்கு 4.3லிருந்து 1.6. ஜார்கண்ட்ல ரேஷன்ஸ் ட்ரையல், அதே வருஷம் வந்துச்சு, டிபி நோயாளி வீட்டுல இருக்கற மத்தவங்களுக்கு மாசம் ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒண்ணரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை குடுத்தாங்க, 10,345 பேரை பாத்தாங்க. குடுக்காத வீடுங்கள்ல நூத்துக்கு 2.6 பேருக்கு டிபி வந்துச்சு, குடுத்த வீடுங்கள்ல 1.7. அரிசியும் பருப்பும் டிபியை தடுக்குதுன்னு சீட்டு போட்டு நிரூபிச்சிருக்காங்க, இதை ஒரு சேனலாவது ராத்திரி ஒன்பது மணிக்கு போட்டாங்களா?

டாக்டர்கிட்ட போகும்போது பேப்பரை பிரிண்ட் எடுத்து நீட்டாதீங்க, ஓபில அவருக்கு நேரம் இருக்காது. ஒரு துண்டுச் சீட்டுல ட்ரையல் பேரு, மருந்து பேரு, நூத்துக்கு எத்தனையிலிருந்து எத்தனை, இந்த மூணை மட்டும் எழுதிட்டு போய் "டாக்டர், இதுல சேத்தவங்க மாதிரி அப்பா இருக்காரா, அவருக்கு கிட்னி இப்படி இருக்கும்போது இது ஒத்து வருமா"ன்னு கேளுங்க. "இந்த மருந்து எழுதுங்க"ன்னு கேட்டா கதவு மூடும், இப்படி கேட்டா பெரும்பாலும் உக்கார வச்சு பேசுவாங்க, என் அனுபவத்துல அப்படித்தான்.

சில சமயம் ஆஸ்பத்திரியிலயே உங்களை ஒரு ட்ரையல்ல சேர சொல்லி கேப்பாங்க. பயந்து ஓட வேண்டாம், மேல சொன்ன அத்தனை பதிலும் அப்படி சேந்தவங்களாலதான் கிடைச்சுது. ஆனா கையெழுத்து போடறதுக்கு முன்னாடி சிடிஆர்ஐ நம்பர் கேளுங்க, அது இந்திய அரசோட ட்ரையல் பதிவேடு, 2007ல ஆரம்பிச்சது, நம்பரை வச்சு அவங்க சைட்ல தேடினா யார் நடத்தறாங்க, யார் பணம் போடறாங்க, எதை அளக்கப் போறாங்கன்னு எல்லாம் வரும். டம்மி கிடைக்க வாய்ப்பு இருக்கா, அப்ப வழக்கமான சிகிச்சை தொடருமா, நடுவுல வேண்டாம்னா விலகலாமா, விலகினா இங்கயே சிகிச்சை தொடருமா, பாதிப்பு வந்தா செலவு யாருதுன்னு கேளுங்க. 2019 விதிகள்படி புது மருந்து ட்ரையல்ல பாதிப்பு வந்தா இலவசமா சிகிச்சை தரணும். படிவம் தமிழ்ல வேணும்னு கேளுங்க, ஒருநாள் வீட்டுக்கு எடுத்துட்டு போய் படிச்சு, கையெழுத்து போட்ட காப்பி ஒண்ணு வாங்கி அதுல இருக்கற எத்திக்ஸ் கமிட்டி (ட்ரையல்ல சேந்தவங்களோட பாதுகாப்பை கவனிக்கற குழு) போன் நம்பரை உங்க போன்ல சேவ் பண்ணி வச்சுக்கோங்க.